ஐஸ் லாரியில் போன வள்ளம்

ஐஸ் பிளாண்டில் போன் எடுப்பவனை யாரும் நலம் விசாரிப்பதில்லை. அவன் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் திட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கேஸ் ஏஜென்சி, தண்ணீர் கேன் கடை, பார்சல் ஆபீஸ் என்று எங்கெங்கோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுக்கும் நண்பர்களே, உங்கள் கஷ்டத்தை நீங்கள் எனக்குச் சொல்லவே வேண்டாம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நானும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆனால் அந்த மார்கழியில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தபோது, அந்த நாற்காலிக்கு வேறொரு வேலை வந்தது.

கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு இருந்ததால் வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. பிளாண்டு நிறைய ஐஸ், வாங்க ஆளில்லை. எங்கள் பழைய வாடிக்கையாளர் சூசை, சங்கு குளிக்கிறவர். தன் பைபர் வள்ளத்தை எங்கள் ஐஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வெள்ளத்தில் இறக்கலாம் என்றார். முதலாளி உடனே சரி என்றார். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் 'வள்ளம் தேவைப்படுவோர் அழைக்கவும்' என்று எழுதி, பிளாண்டு நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ஊரே அதை அனுப்பிவிட்டது.

எத்தனை பார்?

ஐஸ் பாளத்தை நாங்கள் 'பார்' என்போம். போன் அடித்தால் என் வாய் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை பார்?' திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு வந்தது. பெண் குரல், பின்னால் காற்றின் இரைச்சல். ஆத்தூருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். பெயர் இசக்கியம்மாள். கணவர் சுடலைமுத்து வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். கீழ்வீடு முழுக்கத் தண்ணீர். இருவரும் மொட்டை மாடித் தட்டட்டியில், படி முடியும் இடத்தில் ஒரு தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறார்கள்.

விஷயம் அதுவல்ல. சுடலைமுத்துவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை தூத்துக்குடிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வெள்ளிக்கிழமை செய்தாகிவிட்டது, அடுத்த முறை இன்று. ஒரு நாள் தள்ளினால் கால் வீங்கும், இரண்டு நாள் தள்ளினால் மூச்சு முட்டும், அதற்கு மேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த கையோடு, பழக்கம் விடுமா, "சரிம்மா, எத்தனை பார் வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சொன்னார்: "ஐஸா? இங்கன குளிருக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல அண்ணாச்சி. வள்ளம் இருந்தா ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க."

மீனுக்குத் தெரிந்த முகவரி

நோட்டைச் சூசையிடம் பெருமையாகக் காட்டினேன். 'கொடிக்கால் சுடலைமுத்து, மேலத்தெரு, பச்சைக் கேட்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். சூசை படித்துவிட்டு, "பச்சைக் கேட்டு இப்போ மீனுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி" என்றார்.

பிறகு தன் தொழில் முறையைச் சொன்னார். நடுக்கடலில் சங்கு கிடக்கும் இடத்துக்குக் கதவு எண் கிடையாது. கரையில் தெரியும் இரண்டு உயரமான பொருட்களை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் கலங்கரை விளக்கம் ஒளிந்தால் ஒரு கோடு. வேறு பக்கம் இன்னும் இரண்டு பொருள் நேராக நின்றால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் குதித்தால் காலடியில் சங்கு. இதற்குக் 'கணியம் பார்ப்பது' என்று பெயர். வெள்ளத்துக்குள்ளும் அப்படித்தான் போக முடியும் என்றார். ஆகவே இனி யார் கூப்பிட்டாலும் தெருப் பெயர் கேட்கக் கூடாது. மாடியிலிருந்து என்னென்ன உயரமாகத் தெரிகிறது, எதற்குப் பின்னால் எது தெரிகிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்து அழைத்தவரிடம் கேட்டேன். "உயரமாவா? எங்க கொழுந்தியா வீடுதான் தெரியுது, மூணு மாடி" என்றார். பக்கத்தில் நின்ற சூசையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "கொழுந்தியா வீட்டுக்குப் பின்னால என்ன நிக்குன்னு கேளும் அண்ணாச்சி, கொழுந்தியா மட்டும் போதாது."

பாதி வழி

இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

ஐஸ் வியாபாரத்தில், வண்டி கிளம்பவில்லை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த பிளாண்டுக்குப் போய்விடுவார். அதனால், லாரி டிரைவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் 'கிளம்பிட்டு, பாதி வழியில வருது' என்போம். படகுக்காரர் இன்னொரு டீ குடிப்பார்; அவ்வளவுதான் நஷ்டம். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பதினோரு மணிக்கு இசக்கியம்மாள் மறுபடி அழைத்தார். அப்போது லாரியில் முந்தின நாள் ஏற்றிய ஐஸ் அப்படியே இருந்தது. ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு பாளங்களை முற்றத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வள்ளம் மணலில் கிடந்தது. சூசை இன்ஜினைக் கழற்றி வைத்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். "கிளம்பிட்டும்மா. பாதி வழியில வருது" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த வரி தானாக வந்தது; கணியம் கேட்க வேண்டும் என்பது நினைவுக்கே வரவில்லை.

"நீங்க நல்லா இருப்பிய அண்ணாச்சி," என்றார் இசக்கியம்மாள். "இவியகிட்ட சொல்லுதேன். காலையில இருந்து இப்பதான் முகத்த நிமித்திப் பாக்காவ."

பேனர்

லாரியில் வள்ளம் ஏறி நின்றபோது, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் காரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான், நாலு சாக்கு நிறைய பன் கொண்டுவந்திருந்தார். அதோடு சுருட்டிய பேனர் ஒன்றும் இருந்தது. அவருடைய படமும் பெயரும் போட்டது. வள்ளத்தின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி உயர்த்திக் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மாட்டேன் என்றும் சொல்ல முடியாது, பன் வேண்டுமே. சூசை பேனரைக் கையில் வாங்கி, நீள அகலம் பார்த்து, துணியைத் தட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "கட்டிருவோம் அண்ணாச்சி. இவ்வளவு பெருசுன்னா காத்து பிடிச்சுப் பாய் மாதிரி இழுத்துட்டுப் போயிரும். ஆனா எந்தக் கரையில போயி ஒதுங்குனாலும், அங்கன உம்ம பேரு தெரியும்."

பேனர் காருக்குத் திரும்பியது. பன் எங்களோடு வந்தது.

அடியில் வாழை

திங்கட்கிழமை நடந்ததை லாரி டிரைவர் முருகேசன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாலை தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் லாரியைப் பின்னோக்கி நிறுத்தி, வள்ளத்தைச் சறுக்கி விட்டிருக்கிறார்கள். ஆளுயர அலையில் அலட்சியமாகப் போகிற சூசைக்கும் அவருடைய ஆட்கள் இருவருக்கும் அந்தத் தண்ணீர் பிடிபடவில்லை. கடலுக்கு அடியில் முள்வேலி கிடையாது. துணி காயப்போடும் கம்பி கிடையாது. கரன்ட் கம்பி தலையில் இடிப்பதும் இல்லை. இன்ஜினின் காற்றாடியில் முதலில் ஒரு போர்வை சுற்றியது. பிறகு வாழை நார். இன்ஜினைத் தூக்கிவிட்டு மூங்கிலால் ஊன்றி ஊன்றிப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது பேரைக் கொண்டுவந்து கரையேற்றினார்கள். பச்சைக் கேட்டை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பன் சாக்குகள் ஐஸ் லாரியில் போனதால் எல்லாப் பன்னிலும் மீன் வாசம். ஒரு கூரையில் இருந்த பெரியவர் பன்னைப் பிட்டுப் பார்த்து, "உள்ள மீன் இருக்கா, வாசம் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டாராம். ஆனால் முருகேசன் சொல்லிச் சொல்லிச் சிரித்தது வேறொருவரை நினைத்து. அவர் ஒரு விவசாயி. வீட்டு உச்சியில் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றவர், வள்ளம் நேராகத் தன்னைக் காப்பாற்ற வருவதைப் பார்த்துக் கையை ஆட்டிப் பதறினாராம்: "ஏவே, சுத்திப் போவும், சுத்திப் போவும்! அடியில என் வாழை நிக்கி!"

எந்த ஊரில் பாதி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இசக்கியம்மாள் மூன்றாவது முறையாக அழைத்தார். சார்ஜ் தீர்ந்துவிடுமென்று போனை அணைத்து வைத்திருந்தாராம். குரலில் அவசரம் இருந்தது, கோபம் இல்லை. கணவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன, படுத்தால் மூச்சு இரைக்கிறது, உட்கார்ந்தே இருக்கிறார் என்றார்.

பிறகு போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார். நேற்று மத்தியானம் ஒரு ரப்பர் படகு அவர்கள் தெரு வழியாக வந்திருக்கிறது. இரண்டு பேருக்கு இடம் இருந்ததாம், ஏறச் சொன்னார்களாம். "எங்களுக்குத் தூத்துக்குடி வள்ளம் பாதி வழியில வருது. அந்தா எதுத்த வீட்டுல கைப்பிள்ளைக்காரியும் அவ மாமியாரும் நிக்காவ, அவங்களை ஏத்துங்க" என்று அனுப்பிவிட்டாராம். அதன் பிறகு வேறு படகு வரவில்லை.

அந்த இரண்டு இடத்தையும் தட்டிவிட்டவன் நான்தான். வெள்ளமில்லை, அரசாங்கமில்லை, நான். தடுமாறிக்கொண்டு, மாடியிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். தெற்கே பார்த்தால் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி, அதற்கு நேர் பின்னால் செல்போன் கோபுரம். ஒரு கோடு கிடைத்தது. "கிழக்க என்னம்மா தெரியுது?" என்றேன். போன் அணைவதற்கு முன் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, பாதி வழின்னு சொன்னியளே, எந்த ஊர்ல பாதி?"

நாற்காலியில் இன்னொருவர்

சூசையும் வள்ளமும் இரவு தண்ணீர்க் கரையிலேயே தங்கிவிட்டார்கள்; திரும்பி வந்திருந்த லாரியில் நான் ஏறிவிட்டேன். பிளாண்டுக்கு எதிர்த்த சந்தில்தான் எங்கள் வீடு; போனை என் மனைவியின் கையில் கொடுத்து, கணியம் கேட்கும் முறையை நாலு வரியில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவளுக்கு ஐஸ் வியாபாரம் தெரியாது. அழைத்தவர்களிடம் எல்லாம், "வள்ளம் ஒண்ணுதான் இருக்கு, அதுவும் வேற ஊருக்குப் போயிருக்கு, இன்னைக்கு உங்ககிட்ட வருமான்னு தெரியாது, வேற படகு வந்தா ஏறிருங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களில் ஒருவர் எங்களுடைய நெடுநாள் வாடிக்கையாளர். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட அக்காவுக்காக அழைத்தவர். அவர் கேட்டாராம்: "நெசத்தச் சொல்லுதியளே, இது அந்த ஐஸ் பிளாண்டு நம்பர்தானா?"

ஒற்றைக் கோடு

வள்ளத்தில் ஏறியதும் சூசையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒரு கோடு இருந்தா வழி. ரெண்டு கோடு வெட்டுனாத்தான் எடம்" என்றார். எங்களிடம் இருந்தது வழி மட்டும். தெற்கே தண்ணீர்த் தொட்டியும் அதன் பின்னால் செல்போன் கோபுரமும் தெரிந்தன. முதலில் கோபுரம் தொட்டிக்கு வலப்பக்கம் இருந்தது. வள்ளம் நகர நகர அது மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்து, தலை மட்டும் நேர் மேலே நின்றது. "நேராயிட்டு!" என்று நான் கத்திய கத்தலில் முன்னால் நின்றவர் மூங்கிலை நழுவவிடப் பார்த்தார். "இந்தக் கோட்ட விட்டுராத," என்றார் சூசை. "இதுலதான் எங்கயோ அந்த வீடு இருக்கு."

கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனோம். கோடு தெருவைப் பார்த்துப் போகுமா? ஒரு வீட்டுக் கொல்லைக்குள் புகுந்தது, ஒரு மதில் சுவர்மேல் ஏறியது. சுவர் வந்தால் சுற்றிப்போய் மறுபடி கோட்டுக்கு வந்தோம். முதல் வீட்டில் ஆளில்லை. இரண்டாவது வீட்டு மாடியில் ஐந்து ஆடுகள், ஒரு நாய். மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டு தொட்டியும் கோபுரமும் கண்ணிலிருந்து மறைந்தன. சூசை மூங்கிலைத் தரையில் குத்தி வள்ளத்தை அசையாமல் நிறுத்தினார். "தெரியாம நகரக் கூடாது. கோடு போயிட்டுன்னா திரும்பப் பிடிக்க நேரமாகும்" என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மழை விட்டது. தொட்டி தெரிந்தது, கோபுரம் தெரிந்தது, இரண்டும் நேராக நின்றன. அடுத்து ஒரு தென்னை, ஒரு கோழிக்கூண்டின் மேற்பகுதி, அப்புறம் ஒரு தட்டட்டி. அதன் மேல் தகரக் கூரை. அதற்கடியில் ஒரு பெண் எழுந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "தூத்துக்குடி வள்ளமா?" என்று கேட்ட குரல் எனக்குத் தெரியும். "ஆமாம்மா!" என்று நான் போட்ட கூச்சலுக்கு அந்த ஐந்து ஆடுகளும் அங்கேயிருந்து பதில் சொல்லின.

சுடலைமுத்துவை நாற்காலியோடு தூக்கித்தான் வள்ளத்தில் இறக்கினோம். பாதம் இரண்டும் பூசணிக்காய் மாதிரி இருந்தன. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினார். ஆனாலும் அந்த மனிதர் சுற்றிலும் கிடந்த தண்ணீரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "டாக்டர் எனக்குக் குடிக்க அளந்து விட்ட தண்ணி ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தம்பி. இவ்வளவையும் எனக்கா அனுப்பியிருக்காவ?"

ஆஸ்பத்திரி வராந்தாவில்

முருகேசன் அன்று ஓட்டிய மாதிரி ஐஸ் லாரியை என்றும் ஓட்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு மணிக்குச் சுடலைமுத்துவை மெஷினில் போட்டார்கள். இன்னும் ஓர் இரவு தாங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதை நான் நின்று கேட்டேன்.

அடுத்த முறை டயாலிசிஸுக்கு அவர்கள் வந்த அன்று நானும் போனேன். சுடலைமுத்து உள்ளே இருந்தார். வராந்தா பெஞ்சில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். 'பாதி வழியில வருது' என்று நான் சொன்னபோது வள்ளம் மணலில் கிடந்தது, லாரியில் ஐஸ் இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், அந்த ரப்பர் படகில் நீங்கள் ஏறாமல் போனது என்னால்தான் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன், நமக்குத்தான் பழக்கமாயிற்றே. அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொய்யின்னு தெரிஞ்சிருந்தா நான் முதல் ஆளா ஏறியிருப்பேன் அண்ணாச்சி, அது நெசம். ஆனா எதுத்த வீட்டுக்காரிகிட்ட மட்டும் இதச் சொல்லிராதிய. என் புருசன் உயிரைப் பணயம் வச்சு அவ பிள்ளையக் காப்பாத்துனேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியா. கேக்க நல்லாத்தான் இருக்கு."

இப்போதெல்லாம் வண்டி இன்னும் கிளம்பவில்லை என்று நான் உண்மையைச் சொன்னால், வாடிக்கையாளர்கள் 'அப்போ பக்கத்துல வந்துட்டுன்னு அர்த்தம்' என்று சொல்லிச் சந்தோஷமாகப் போனை வைத்துவிடுகிறார்கள்.